எந்த நாளின் விலை?

கேரளத்தில் 2003-இல் திருமணமான ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் 89 பவுன் நகை போட்டு அனுப்பினார்கள். முதலிரவன்றே, பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லிக் கணவர் அதை வாங்கித் தம் தாயிடம் கொடுத்துவிட்டார் என்பது அந்தப் பெண்ணின் வழக்கு. நகை திரும்பி வரவில்லை. கணவர் வீட்டுக் கடனை அடைக்கப் போய்விட்டது என்றார் அந்தப் பெண். 2011-இல் குடும்ப நீதிமன்றம் நகையின் மதிப்பு 8.90 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டுக் கொடுக்கச் சொன்னது. உயர் நீதிமன்றம் சாட்சியம் போதாது என்று அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது.

நல்ல தீர்ப்புதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 8.90 லட்சம் என்பது 2009-ஆம் ஆண்டு மதிப்பு. பவுனுக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று எடுத்தது. அதற்கு ஆண்டுக்கு 6 சதவீதத் தனிவட்டி போட்டிருந்தால் பதினைந்து ஆண்டில் ஏறக்குறைய 17 லட்சம் வரும். தீர்ப்பு வந்த மாதத்தில் பவுன் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஐம்பதாயிரம் என்றே வைத்தாலும் 89 பவுன் வாங்க 44.5 லட்சம் வேண்டும். வாழ்க்கைச் செலவு ஏறியிருப்பதைக் கருதியும், அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவு தனக்குத் தந்திருக்கும் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தியும் நீதிமன்றம் 25 லட்சம் என்றது. வட்டிக் கணக்குக்கும் மேலே, சந்தைக் கணக்குக்கும் கீழே நிற்கும் ஒரு தொகை. வழக்கில் வென்ற பெண்ணுக்கு, இழந்த நகையில் பாதியும் சற்றுக் கூடுதலும் திரும்பி வந்தது.

பறிபோன பொருளுக்கு, சேதமான பொருளுக்கு நீதிமன்றங்கள் எப்படி விலை போடுகின்றன என்ற கேள்வி சட்ட நூல்களில் பல தலைப்புகளில் சிதறிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், என் கணிப்பில், சிக்கலில் பாதி ஒரே இடத்தில் இருக்கிறது: எந்த நாளின் விலை? விலை ஏறினால் ஏற்றம் யாருக்கு, இறங்கினால் இறக்கம் யாருக்கு?

அடிப்படை விதியில் யாருக்கும் தகராறில்லை. 1880-இல் ஸ்காட்லாந்து நிலக்கரி வழக்கொன்றில் பிளாக்பர்ன் பிரபு அதை வகுத்துச் சொன்னார்: தவறு நடக்காதிருந்தால் பாதிக்கப்பட்டவர் எந்த நிலையில் இருந்திருப்பாரோ, பணத்தால் முடிந்தவரை அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவர வேண்டும். இந்திய நீதிமன்றங்களும் இதையே பிடித்துக்கொண்டு நடக்கின்றன. சொல்வது எளிது. அந்த வழக்கிலேயே, வாதியின் நிலத்தடியில் இருந்த கரியைப் பக்கத்துச் சுரங்கக்காரர்கள் தங்களுடையது என்று நம்பி வெட்டி எடுத்துவிட்டார்கள். அது சின்னத் துண்டு நிலம். உரிமையாளர் தாமாக அங்கே சுரங்கம் தோண்டியிருக்க முடியாது. ஆகவே கரியின் சந்தை விலை அவருக்குக் கிடைக்கவில்லை. கரி எடுக்க அனுமதித்திருந்தால் என்ன ராயல்டி வாங்கியிருப்பாரோ அதுதான் கிடைத்தது. தெரிந்தே திருடியிருந்தால் கதை வேறு. 1839-லேயே ஒரு வழக்கில், வேண்டுமென்று எல்லை தாண்டியவனுக்கு வெட்டுக்கூலியைக் கழிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதே பார்வையை நம் உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒடிசா சுரங்க வழக்கில் அரசுக்குச் சாதகமாகக் கையாண்டது. அனுமதியின்றி எடுத்த கனிமத்தின் விலை நூற்றுக்கு நூறும் மாநிலத்துக்குச் சேர வேண்டும், வெட்டிய செலவு என்று எதையும் கழிக்கக் கூடாது என்றது. அரசின் சொத்து போனால் கணக்கு இவ்வளவு துல்லியமாக இருக்கிறது. குடிமகனின் சொத்து அரசின் கையில் போனால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஆங்கிலேயப் பொதுச் சட்டம் இந்தத் தவறுகளை இரண்டாகப் பிரித்தது. பிறர் பொருளைத் தனதாக ஆக்கிக்கொள்வது, விற்றுவிடுவது கன்வர்ஷன். கேட்டும் திருப்பித் தராமல் வைத்திருப்பது டெட்டின்யூ. முன்னதில் தவறு ஒரு நாளில் நடந்து முடிகிறது. ஆகவே அந்த நாளின் விலை. பின்னதில் தவறு ஒவ்வொரு நாளும் தொடர்கிறது; ஆகவே தீர்ப்பு நாளின் விலை. இங்கிலாந்து 1977-இல் டெட்டின்யூவைச் சட்டமியற்றி நீக்கிவிட்டது. நாம் நீக்கவில்லை. 1958-இல் அரசிடமிருந்து தங்கள் லாரிகளைத் திருப்பிக் கேட்டவர்கள் தொடுத்த தியான் சிங் சோபா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விரிவாக எடுத்துப் பேசியிருக்கிறது. இன்றும் வக்கீல் பிராதில் எந்த வகையில் வழக்கை எழுதுகிறார் என்பதைப் பொறுத்துக் கட்சிக்காரரின் பையில் விழும் தொகை மாறும்.

இந்த விதியை இயந்திரம்போல் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் வழக்கொன்று உதாரணம். 1940-இல் ஒருவர் தம் வீட்டுச் சாமான்களை இன்னொருவர் வீட்டில் வாடகையின்றி வைத்துவிட்டுப் போனார். இடம் தேவைப்பட்டபோது வீட்டுக்காரர் கடிதம் போட்டார், தொலைபேசியில் தேடினார், பதிலில்லை. 1944-இல் ஏலத்தில் விட்டார். 15 பவுண்டு கிடைத்தது. 1946-இல் உரிமையாளர் வந்து நின்றபோது அதே சாமான்களின் விலை 115 பவுண்டு. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1948-இல் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தது. கடிதம் அவருக்குக் கிடைத்ததா இல்லையா என்று கண்டுபிடித்து வரும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. கிடைத்தும் சும்மா இருந்திருந்தால் 15 பவுண்டுதான். விலை ஏறியதை அவர் தடுத்திருக்க முடியும். கிடைக்கவில்லை என்றால் ஏறிய விலையும் அவருக்கே. தேதியை விட, யாருக்கு எப்போது விஷயம் தெரிந்தது என்பதுதான் முக்கியம் என்று இதை நான் வாசிக்கிறேன்.

விலை இறங்கும்போதும் சட்டம் பறித்தவனுக்குச் சலுகை தருவதில்லை. ஹாங்காங்கிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குப் போன ஒரு வழக்கில், அடகாக வந்த பங்குகளை விற்றுவிட்டவர்கள், பிறகு விலை சரிந்த நேரத்தில் அதே எண்ணிக்கையில் பங்குகளை வாங்கி வைத்துவிட்டார்கள். பங்குக்குப் பங்கு சரியாகிவிட்டதே, நஷ்டம் எங்கே என்று கேட்டார்கள். விற்ற நாளில் 5.75 டாலர், மறுபடி வாங்கிய நாளில் 2.40 டாலர். இடைவெளி முழுவதையும் கொடு என்றது பிரிவி கவுன்சில்.

நம் ஊரில் இந்தத் தேதிச் சிக்கலைத் தாண்ட ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆவது கட்டளை, 10-ஆவது விதி: அசையும் பொருளைத் திருப்பித் தரும்படி தீர்ப்பாணை கொடுத்தால், பொருள் கிடைக்காத பட்சத்தில் எவ்வளவு பணம் தர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். 1963-ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 7, 8-ஆவது பிரிவுகள் பொருளையே கேட்கும் உரிமையைத் தருகின்றன. பணம் ஈடாகாத பொருள், நஷ்டத்தைக் கணக்கிட முடியாத பொருள், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்றால் கட்டாயப்படுத்தி வாங்கலாம். கேரளக் குடும்ப நீதிமன்றங்களில், நகையைத் திருப்பிக் கொடு, இல்லையேல் கொடுக்கும் நாளின் சந்தை விலையைக் கொடு என்று தீர்ப்பாணை எழுதும் வழக்கம் உண்டு. இதை விட நேர்மையான வாசகம் இருக்க முடியாது. வாய்தா வாங்கி இழுத்தடிப்பவனுக்கு இழுத்தடிப்பில் லாபமில்லாமல் போகிறது. தொகையை முன்கூட்டியே நிர்ணயித்துத் தனிவட்டி சேர்க்கும் தீர்ப்பில், தங்கம் ஏறும் காலத்தில், பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பதே நல்ல முதலீடாகிவிடுகிறது.

பிராது எழுதும்போதே இந்தத் தவறு தொடங்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் நூற்றுக்கு மூன்று ரூபாய் நீதிமன்றக் கட்டணம். அதை மிச்சப்படுத்தப் பலர் பொருளின் மதிப்பைக் குறைத்துப் போடுகிறார்கள். பிறகு விலை ஏறியது என்று கேட்டால், உன் பிராதில் நீயே இதுதான் மதிப்பு என்றாயே என்று எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து நிற்பார்.

அடுத்தது நிரூபணம். பொருளே இல்லாதபோது அதன் தரத்தை எப்படிக் காட்டுவது? 1722-இல் லண்டனில் புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவனுக்கு ஒரு நகை கிடைத்தது. விலை பார்க்கப் பொற்கொல்லர் கடைக்குக் கொண்டுபோனான். கடைப் பையன் எடை பார்ப்பதுபோல் வாங்கிக் கல்லைக் கழற்றிக்கொண்டு, ஒன்றரைப் பென்னி தருகிறேன் என்றான். சிறுவன் வேண்டாம், நகையைக் கொடு என்றான். வெறும் குழியச்சு மட்டும் திரும்பி வந்தது. வழக்கில் தலைமை நீதிபதி பிராட் ஜூரிகளுக்குச் சொன்னது: பிரதிவாதி கல்லைக் கொண்டுவந்து அது மட்டமானது என்று காட்டாதவரை, அந்தக் குழியில் பொருந்தக்கூடிய மிகச் சிறந்த கல்லின் விலையைப் போடுங்கள். ஆதாரத்தை மறைத்தவன் அந்த மறைப்பால் லாபம் அடையக் கூடாது. நம் பழைய சாட்சியச் சட்டத்தின் 114-ஆவது பிரிவில் வரும் உதாரணம் ஒன்றும் இதையே சொல்கிறது: காட்டக்கூடிய சாட்சியத்தை ஒருவர் காட்டாமல் வைத்தால், அது அவருக்குப் பாதகமானது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம்.

முந்நூறு ஆண்டுகள் கழித்து, கொல்கத்தாவின் தேசப்பிரியா பார்க் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தாய் எடுத்த வங்கி லாக்கரில் பிறகு மகனின் பெயரும் சேர்ந்தது. 1995-இல் மகன் வாடகை கட்டப் போனபோது, வாடகை பாக்கி என்று சொல்லி முந்தைய ஆண்டே லாக்கரை உடைத்துவிட்டோம் என்றது வங்கி. பாக்கியே இல்லை என்பது பிறகு தெரிந்தது. தவறுதலாக உடைத்தோம் என்று வங்கியே ஒப்புக்கொண்டது. ஏழு நகை இருந்தது என்றார் மகன். கிடைத்தது இரண்டு. உள்ளே இருந்ததே இவ்வளவுதான் என்றது வங்கி.

மாவட்ட நுகர்வோர் மன்றம், பொருளைக் கொடு அல்லது 3 லட்சம் கொடு என்றது. மாநில ஆணையம் அதை மாற்றி, உள்ளே என்ன இருந்தது என்பதை உரிமையியல் நீதிமன்றத்தில் நிரூபிக்கச் சொன்னது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வங்கியின் அலட்சியத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழக்குச் செலவாக ஒரு லட்சமும் விதித்தது. தவறு செய்த அலுவலர்கள் இன்னும் பணியில் இருந்தால் அவர்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கச் சொன்னது. ரிசர்வ் வங்கி ஆறு மாதத்தில் விதி வகுக்க வேண்டும் என்றது. ஆனால் காணாமல்போன நகைகளின் மதிப்பு? அதற்கு உரிமையியல் வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. லாக்கர் உடைபட்டு அப்போது இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. உரிமையாளர் இல்லாமல் பெட்டியை உடைத்தவர், உடைத்தபோது முறையான சாட்சி வைத்து என்ன இருந்தது என்று பட்டியல் எழுதாதவர், பிறகு நீ நிரூபி என்று சொல்ல முடியுமானால், அந்தப் பொற்கொல்லன் கடைப் பையன் தோற்றிருக்கவே வேண்டாம். லாக்கரில் வைத்ததை வைத்தவரைத் தவிர யாரும் பார்ப்பதில்லை என்பதே அந்த வசதியின் சிறப்பு. அதையே அவருக்கு எதிரான ஆயுதமாக்குவது நியாயமில்லை.

ரிசர்வ் வங்கியின் விதி 2021 ஆகஸ்டில் வந்தது. தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிவு, வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் லாக்கர் பொருள் போனால், வங்கி ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு தர வேண்டும். மூவாயிரம் வாடகைக்கு மூன்று லட்சம். பவுன் ஐம்பதாயிரம் என்ற கணக்கில் கூட ஆறு பவுன். லாக்கரில் வைக்கும் குடும்பங்களில் எத்தனை ஆறு பவுனோடு நிறுத்துகின்றன? நிரூபணச் சுமையைக் குறைக்கிறது என்பது இதன் நல்ல பக்கம். மதிப்புக்கும் ஈட்டுக்கும் தொடர்பே இல்லாமல் வாடகையோடு முடிச்சுப் போட்டது கெட்ட பக்கம்.

இப்படி உச்சவரம்பு போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சர்வதேச விமானத்தில் பெட்டி தொலைந்தால் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2024 டிசம்பர் 28 முதல் பயணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்ற அளவுதான், உள்ளே பட்டுப்புடவை இருந்தாலும் சரி, பழைய துணி இருந்தாலும் சரி. சட்டமோ உடன்படிக்கையோ வைக்கும் வரம்பு ஒருவகை. கடைக்காரர் ரசீதின் பின்னால் தாமே அச்சடித்துக்கொள்ளும் வரம்பு வேறு வகை. சென்னையில் லில்லி ஒயிட் என்ற சலவை நிறுவனத்தின் ரசீதில், துணி தொலைந்தால் சந்தை விலையில் 15 சதவீதம் மட்டுமே தரப்படும் என்று இருந்தது. துணியைப் பறிகொடுத்த வாடிக்கையாளர் வழக்குப் போட, சென்னை உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனை பொதுநலனுக்கு விரோதமானது, செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1966-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் அது இருக்கிறது. அதன் காரணம் எளிமையானது: பதினைந்து சதவீதத்தைக் கொடுத்துவிட்டுப் புதுத் துணியைத் தானே வைத்துக்கொள்ளச் சலவைக்காரருக்கு ஆசை வரும். 'கம்பெனி பொறுப்பல்ல' என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்தவர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய தீர்ப்பு அது. ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு, பிறர் பொருளைக் கையில் வாங்கியவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது.

பொருள் போகாமல் சேதம் மட்டும் ஆனால் கணக்கு ஓரளவு சுலபம். பழுதுபார்க்கும் செலவு, அது பொருளின் சந்தை விலையைத் தாண்டினால் சந்தை விலை. 1963-இல் இங்கிலாந்தில் ஒருவர் தம் பழைய காரின் மீதிருந்த பிரியத்தால், அதன் விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் செலவழித்துப் பழுதுபார்த்தார். அவர் ஆசைக்கு மோதியவர் பணம் தர வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். நம் மோட்டார் காப்பீட்டிலும் இதே தர்க்கம்தான். பழுதுச் செலவு பாலிசியில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டமாக எழுதிவிடுவார்கள்.

வண்டி நின்ற நாட்களுக்கு என்ன? இதற்கு ஹால்ஸ்பரி பிரபு 1900-இல் கேட்ட கேள்வியே இன்றும் பதில். ஒருவன் என் அறையிலிருந்த நாற்காலியை எடுத்துப்போய்ப் பன்னிரண்டு மாதம் வைத்திருந்தான். நீ அதில் வழக்கமாக உட்காருவதில்லையே, வேறு நாற்காலிகள் இருந்தனவே என்று சொல்லி அவன் ஈட்டுத்தொகையைக் குறைக்க முடியுமா? பயன்படுத்தும் உரிமையே சொத்து. 1952-இல் இது ஒரு படி மேலே போனது: நாடக அரங்கில் திருப்பித் தராமல் வைத்திருந்த மின்விளக்குச் சுவிட்ச் பலகைகளுக்கு, உரிமையாளர் வேறு யாருக்காவது வாடகைக்கு விட்டிருப்பாரா என்று பார்க்காமல், 43 வார வாடகை முழுதும் விதித்தார்கள். ஏழ்மையால் கூடும் நஷ்டத்தைப் பற்றி நெடுநாள் ஒரு கொடுமையான விதி இருந்தது. 1928-இல் கிரேக்கத் துறைமுகமொன்றில் தூர்வாரும் கப்பலை இழந்தவர்கள், புதியது வாங்கக் கையில் காசில்லாமல் அதிக வாடகைக்கு எடுத்தார்கள். உன் வறுமைக்கு நான் பொறுப்பல்ல என்ற வாதம் 1933-இல் வென்றது. அதைப் பிரபுக்கள் சபையே கைவிட எழுபது ஆண்டுகள் ஆயின.

மனம் சார்ந்த மதிப்புக்குச் சட்டம் கை விரித்துவிடுகிறது. டெக்ஸஸ் உச்ச நீதிமன்றம் 2013-இல், காப்பகத்தில் தவறுதலாகக் கொல்லப்பட்ட வளர்ப்பு நாய்க்கு அதன் குடும்பத்தாரின் பாசத்தைக் கணக்கிட்டு ஈடு தர மறுத்தது. நாய் சட்டப்படி சொத்து. சொத்துக்குச் சந்தை விலைதான். இங்கே நுகர்வோர் ஆணையங்கள் 'மன உளைச்சல்' என்ற தலைப்பில் ஒரு தொகை தருகின்றன. உரிமையியல் நீதிமன்றங்களில் அந்தத் தலைப்பு அபூர்வம்.

இனி அரசு. 1947 செப்டம்பர் 20 நள்ளிரவு, அமிர்தசரஸ் நகைக்கடைப் பங்குதாரர் ஒருவர் தங்கமும் வெள்ளியும் விற்க மீரட்டில் ஃபிரான்டியர் மெயிலில் வந்து இறங்கினார். சௌப்லா பஜாரில் போலீஸ் பிடித்தது. நூறு தோலாவுக்கு மேல் தங்கம், இரண்டு மணங்குக்கு மேல் வெள்ளி கைப்பற்றப்பட்டன. அவரை விட்டார்கள், வெள்ளியையும் கொடுத்தார்கள். தங்கம் வரவில்லை, பொறுப்பிலிருந்த தலைமைக் காவலர் அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். தங்கத்தின் விலையாக 11,075 ரூபாய் 10 அணா கேட்டு வழக்கு. 1964-இல் உச்ச நீதிமன்றம், போலீஸ் செய்தது இறையாண்மைப் பணி, ஆகவே அரசு பொறுப்பல்ல என்றது. இந்த நிலை வருத்தத்துக்குரியது, சட்டமன்றம் இதைத் திருத்த வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் எழுதியது. 1967-இல் ஒரு மசோதா வந்து காலாவதியானது. அதன்பின் நாடாளுமன்றம் எந்தச் சட்டமும் நிறைவேற்றவில்லை.

நீதிமன்றங்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாக வேலியை அறுத்தன. 1967-இல், முன்பு ஜுனாகத்தில் கைப்பற்றிய வண்டிகளைக் கவனிக்காமல் விட்டு, பின் உரிமை கோராச் சொத்தென்று விற்றதற்குக் குஜராத் அரசைப் பொறுப்பாக்கினார்கள். பறிமுதல் செய்தவர் அதைப் பாதுகாக்கவும் கடமைப்பட்டவர். 1977-இல் மைசூர் மாநில வழக்கில் காவல் நிலையப் பெட்டியிலிருந்து காணாமல்போன நகைகளுக்கு அரசே பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. 1994-இல், ஆந்திரத்தில் கைப்பற்றிய உரம் கிடங்கில் கெட்டுப்போன வழக்கில், இறையாண்மை என்ற கேடயத்தை நவீன அரசு இப்படிப் பிடிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொல்லிவிட்டது. மீரட் தீர்ப்பு இன்றும் முறைப்படி ரத்தாகவில்லை. அரசு வக்கீல்கள் அதைக் காட்டுவதை நிறுத்தவுமில்லை.

எந்தக் காவல் நிலைய வாசலிலும் துருப்பிடித்து, செடி முளைத்து நிற்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம், புகைப்படமும் பஞ்சநாமாவும் எடுத்துக்கொண்டு வண்டியை உரியவரிடம் ஒப்படையுங்கள் என்றது. இப்போது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆவது பிரிவு, பொருள் நீதிமன்றத்தின் முன் வந்து 14 நாளில் விவரப் பட்டியல், படம் அல்லது காணொளிப் பதிவு, அதன்பின் 30 நாளில் என்ன செய்வது என்ற உத்தரவு என்று நாள் குறித்திருக்கிறது. வண்டி அழிந்த பின் நஷ்டஈடு கேட்டு அலைவதை விட, இந்தப் பிரிவைக் காட்டி ஆரம்பத்திலேயே மனுப் போடுவது உத்தமம்.

பொருளை இழந்தவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பொருளைத் திருப்பித் தரும்படி முதலில் எழுத்தில் கேளுங்கள், பெற்றதற்கு அத்தாட்சி கிடைக்கும் தபாலில். மறுத்த தேதி பல வழக்குகளில் காலக்கெடுவின் தொடக்கம். பிராதில் பொருளையே முதல் பரிகாரமாகக் கேளுங்கள். மாற்றாக, தொகையை எழுதுவதோடு நில்லாமல், கொடுக்கும் நாளின் சந்தை விலை என்று சேர்த்துக் கேளுங்கள். பயன்படுத்த முடியாத காலத்துக்குத் தனியாகக் கேளுங்கள். நகைக்கடை ரசீது, திருமணப் படங்கள், அடகுச் சீட்டு எதையும் எறியாதீர்கள். காலவரம்புச் சட்டப்படி இந்த வழக்குகளுக்குக் கெடு மூன்றே ஆண்டுகள். திருட்டும் மோசடியும் என்றால், பொருள் யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்த மூன்று ஆண்டு ஓடத் தொடங்குகிறது.